பேரைச் சொல்லாத ஜெபம்

அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளி விடுதியாம்மா? எனக்குக் கை எட்டல. ஆ, போதும். நல்லா இரு.

நீ எதுவர போற? திருநெல்வேலியா? அப்ப சரி. நானும் அங்கன இறங்கித்தான் எங்க ஊருக்குப் பஸ் மாறணும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சுது. இல்லன்னா இந்தப் பஸ்ஸுக்குள்ளயே எனக்கு நெஞ்சு அடைச்சுப் போயிரும். நீ ஒண்ணும் பேசண்டாம். சும்மா கேட்டுக்கிட்டு வா.

அழுதிருக்கனான்னு பாக்கியா? ஆமா, அழுதேன். மறைச்சு என்ன ஆகப் போவுது.

நீ வேதக்காரப் பிள்ளையா, கிறிஸ்தவப் பிள்ளையா? இல்லியா? பரவால்ல. அப்ப உனக்கு எல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வரணும்.

என் பேரு அன்னபாக்கியம். திருச்செந்தூர் ரோட்டுல இருந்து உள்ளாற போற ஊரு எங்க ஊரு. அன்னபாக்கியம் டீச்சர்னு கேட்டா கைப்பிள்ளையும் வீட்டக் காட்டும். பள்ளிக்கூடத்துல இருந்து ஓய்வு வாங்கி எவ்வளவோ நாளாச்சு. ஆனாலும் பேரு நிக்கே, அது பாடம் நடத்துனதால இல்ல பாத்துக்கோ. ஜெபத்தால. எங்க கோயில்ல, சர்ச்ச நாங்க கோயில்னுதான் சொல்லுவோம், பெண்கள் ஐக்கியத்துக்கு நான்தான் தலைவி. கல்யாண வீடு, பிள்ளை பெத்த வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, எங்க போனாலும் "டீச்சர், ஒரு ஜெபம் பண்ணுங்க"ம்பாவ. நான் கண்ண மூடுனாப் போதும். வார்த்தை ஊத்து மாதிரி வரும். எப்பேர்ப்பட்ட கல்லு மனசுக்காரனும் மூக்க உறிஞ்சுவான். பெருமைக்குச் சொல்லல. அது கர்த்தர் குடுத்த வரம். வரத்தப் புதைச்சு வைக்கலாமா? வைக்கக் கூடாதுல்லா?

இன்னைக்கு நான் யாரப் பாக்க வந்தேன்னா, வயலட்ட. வயலட் என் சிநேகிதி. சிநேகிதின்னு ஒரு வார்த்தையில சொன்னா அடங்காது. வயசுப்பிள்ளையா இருந்த காலத்துல இருந்து பாடகர் குழுவுல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னவங்க. எனக்கு மேல போற குரல். அவ ஆல்டோ, கீழ்க்குரல். கேக்கவங்க காதுல என் குரல்தான் விழும். அவ குரலு தனியாத் தெரியாது. ஆனா அவ ஒரு ஞாயித்துக்கிழமை வரலன்னா என் குரல் அந்தரத்துல தொங்குனாப்புல இருக்கும். அப்பத்தான் தெரியும், என்ன இத்தன நாளா தாங்கிக்கிட்டு இருந்தது எதுன்னு.

அவ வீட்டுக்காரர் சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாவ. ஒரே ஒரு பொம்பளப் பிள்ளை. பெர்சியாள். பெர்சின்னு கூப்பிடுவோம். எனக்குப் பிள்ளை இல்லம்மா. பெர்சி என்ன "பெரியம்மா"ன்னு கூப்பிடும்போது, கருவாட்டுக் குழம்பு வச்சா அவளுக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கும்போது, எனக்குப் பிள்ளை இல்லங்கதே மறந்து போவும்.

அவ கல்யாணத்தப் பேசி முடிச்சதே நான்தான். நல்ல இடம்மா. பையன் பேரு ஜெபஸ்டின். எங்க சபைக்குச் செக்ரட்டரி அருமைநாயகம் ஐயா இருக்காவளே, அவிய மவன். கோயில் கோபுரமே அந்தக் குடும்பத்து உபயம். அந்தப் பையன் கிட்டாரத் தூக்கிக்கிட்டு முன்னால வந்து நின்னு ஆராதனை நடத்துனான்னா பாத்துக்கிட்டே இருக்கலாம். கண்ண மூடி, கை ரெண்டையும் உசத்தி, கண்ணீரு தாரை தாரையா ஊத்தும். எத்தன தாய்மாரு அவன மருமவனா எடுக்க ஆசப்பட்டாவன்னு நினைக்க? நான் பேசுனதாலதான் வயலட்டு மவளுக்குக் கிடைச்சுது. கோயில்ல ஓலை வாசிச்சாவ. எங்கள்ல கல்யாணத்துக்கு முந்தி ஞாயித்துக்கிழமைகள்ல சபை நடுவுல பேரச் சொல்லி வாசிப்பாவ, யாருக்காவது ஆட்சேபன உண்டான்னு கேப்பாவ. ஒருத்தர் மூச்சு விடல. எல்லாருக்கும் அவ்வளவு சந்தோசம்.

கல்யாணம் முடிஞ்ச பிறகு ஒரு நாளு, நான் அடுக்களையில அவரைக்காய் அரிஞ்சிக்கிட்டு இருக்கேன். வயலட் வந்து பின்வாசல்ல நிக்கா. முன்வாசல் வழியாத்தான் எப்பவும் வருவா.

"என்னட்டி, திருடி மாதிரி பின்னால வந்து நிக்க?"ன்னேன்.

"அன்னம், உன்ட்ட ஒண்ணு சொல்லணும். உன் காதோட இருக்கணும்."

"சொல்லு."

"பெர்சி அவன் வீட்டுல இல்ல. நாகர்கோவில்ல இருக்கா. அவகூடப் படிச்ச நர்சுப் பிள்ளை வீட்டுல."

"என்னத்துக்கு? சண்டையா?"

அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. "காதோட சேத்து அறைஞ்சிருக்கான். இடது காது சவ்வு கிழிஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லுதாவ. மொத தடவ இல்ல அன்னம். கல்யாணமான மாசத்துல இருந்தே."

"ஐயாட்ட சொன்னியா?"ன்னேன். ஐயான்னா எங்க போதகர்.

"முன்னமே சொல்லிட்டேன். 'செக்ரட்டரி குடும்பம்மா, வெளிய தெரிஞ்சா சபையோட சாட்சியும் பேரும் கெட்டுப் போவும். பொறுமையா இருங்க, ஜெபிப்போம்'னாவ. அதுக்கப்புறம் என்னப் பாத்தா வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போறாவ. பெர்சி எங்க இருக்கான்னு அந்த நர்சுப் பிள்ளைக்கும் எனக்கும்தான் தெரியும். இப்ப உனக்கு. யார்ட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு, அதான் வந்தேன். ஜெபிச்சுக்கோ அன்னம்."

கேட்டியாம்மா? ஜெபிச்சுக்கோன்னு சொன்னது அவ. நானாப் போயி கேக்கல. அவதான் வந்தா, அவதான் சொன்னா, அவதான் ஜெபிச்சுக்கோன்னா. இத நீ நல்லா ஞாபகத்துல வச்சுக்கோ.

எங்க கோயிலும் இப்ப பழைய மாதிரி இல்ல. புது ஐயா வந்த பிறகு எல்லாம் மாறிப் போச்சு. படிச்சவிய, சுறுசுறுப்பு. உள்ள ஏசி போட்டாச்சு. பீடத்துக்கு ரெண்டு பக்கமும் சினிமாத் திரை மாதிரி பெரிய திரை. யார் சாமி கும்பிட்டாலும் அவிய மூஞ்சி அதுல பெருசா வரும். வெள்ளிக்கிழமை பொம்பளைங்க உபவாச ஜெபம் முந்தியெல்லாம் பாயில உக்காந்து பண்ணுவோம். நாலு சுவத்துக்குள்ள இருக்கும். இப்ப அதையும் லைவ்ல போடுதாவ. துபாய்ல இருக்க எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பாக்கு. "டீச்சர், உங்க ஜெபத்துக்குத்தான் நெறைய பேர் வாராங்க"ன்னு அந்தக் காமிரா பிடிக்க தம்பி சொல்லும்.

அந்த வெள்ளிக்கிழமை மைக்க என் கையில குடுத்தாவ. நான் மனசுல என்ன பாரத்தோட போயிருக்கேன்னு உனக்குத் தெரியும். பெத்த பிள்ளை மாதிரி நான் வளத்த பிள்ளை, காது கேக்காம எங்கயோ கிடக்கா. நான் அத மனசுக்குள்ள பூட்டி வச்சிக்கிட்டா ஜெபிக்க முடியும்? ஆனா பேரைச் சொல்லல. அத மட்டும் நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். நான் பேரைச் சொல்லல.

"ஆண்டவரே, எங்க பாடகர் குழுவுல ஆல்டோ பாடுற உம்முடைய மகளை நினைத்தருளும். தகப்பனில்லாத அவ பிள்ளைய நினைத்தருளும். நாகர்கோவில்ல ஒரு நர்சுப் பிள்ளையோட வீட்டுல அடைக்கலமா இருக்காளே சுவாமி, அந்தச் செவிய நீரே தொட்டு சுகமாக்கும். உம்மைத் துதிக்கிற அவ புருஷனோட நாவையும், கிட்டார் மீட்டுகிற அந்தக் கையையும் சாந்தப்படுத்தும்." இவ்வளவுதான்.

இதுல பேரு எங்கம்மா வந்துச்சு? நீயே சொல்லு.

கோயிலே அழுதுச்சு அன்னைக்கு. வயலட் மட்டும் கண்ணத் தொறந்துக்கிட்டு என்னயே பாத்துக்கிட்டு இருந்தா. ஜெபத்துல யாராவது கண்ணத் தொறப்பாவளா? அவ்வளவு வெசனத்துல இருந்திருக்கா பாவம்.

அடுத்த ஞாயித்துக்கிழமையே ஐயாவும், செக்ரட்டரியும், ஜெபஸ்டினும் காரு எடுத்துக்கிட்டு நாகர்கோவில் போயி பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துட்டாவ. இவ்வளவு சீக்கிரத்துல ஜெபத்துக்குப் பதில் வந்து நான் பாத்ததில்ல.

பாவூர்சத்திரமா இது? இன்னும் வரலியா. சரி.

கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துல சின்ன ரூம் இருக்கும், ஐயா அங்கி மாத்துத ரூம். அங்கனதான் உக்காந்தோம். ஐயா, செக்ரட்டரி, அவிய வீட்டம்மா, ஜெபஸ்டின், வயலட், பெர்சி, நான். பிள்ளை தலையச் சுத்தி துப்பட்டாவப் போட்டுக்கிட்டு வந்திருந்தா. மெலிஞ்சு போயிருந்தா.

ஐயா நல்லபடியாத்தான் பேசுனாவ. "பெர்சி, பீடத்துக்கு முன்னால நின்னு வாக்குக் குடுத்திருக்கீங்க. குடும்பம்னா சிலுவை இருக்கும். சிலுவைய இறக்கி வச்சிட்டு ஓடுனா அது விசுவாசம் இல்ல."

"ஐயா, நான் போகமாட்டேன். எனக்கு அங்க போகப் பயமா இருக்கு"ன்னா பெர்சி.

ஜெபஸ்டின் சட்டுனு எந்திரிச்சு எல்லார் முன்னாலயும் முழங்கால் போட்டுட்டான். "என்ன மன்னிச்சிரு பெர்சி"ன்னு தேம்பித் தேம்பி அழுதான். ஆம்பளப் பிள்ளை அப்படி அழுது நான் பாத்ததே இல்ல. செக்ரட்டரி வீட்டம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டு, "இதுக்கு மேல என்ன வேணும் இவளுக்கு?"ன்னா.

வயலட் சொன்னா, "ஐயா, மொதல்ல பிள்ளையக் காது டாக்டர்ட்ட காட்டணும். அவ ரெண்டு மாசம் என்கூட இருக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

"அம்மா, நீங்க நடுவுல நிக்காதீங்க"ன்னாவ ஐயா. "தேவன் சேத்து வச்சதுக்கு நடுவுல தாயே ஆனாலும் நிக்கக் கூடாது."

எல்லாரும் என்னப் பாத்தாவ. பிள்ளை என் பேச்சக் கேப்பான்னு அவியளுக்குத் தெரியும். நான் அவ பக்கத்துல போயி உக்காந்து, தோளத் தொட்டு, ரகசியமாச் சொன்னேன். "மக்கா, ஆம்பளைன்னா ஒரு அடி அடிக்கத்தான் செய்வான். உங்க பெரியப்பா என்ன அடிக்காத அடியா? பெல்ட்டத் தண்ணியில நனைச்சு அடிப்பாவ. நான் ஒருத்தர்ட்ட மூச்சு விட்டிருப்பேனா? பொறுத்தேன். இன்னைக்கு நான் நல்லா இல்லியா?"ன்னு.

நான் யார்ட்டயும் சொன்னதில்லம்மா அத. எத்தன வருசமா ஊருக்கெல்லாம் ஜெபிக்கேன், ஒரு நாளு ஒரு ஜெபத்துல கூட அத நான் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் மொத தடவையா வாயத் தொறந்தேன். பிள்ளைக்காக.

அவ என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது"ன்னா. அப்புறம் இந்தப் பக்கமா வந்து உக்காந்து எல்லாத்தையும் திரும்பச் சொன்னேன்.

அவ என் மூஞ்சியவே பாத்தா. அப்புறம் எந்திரிச்சு நின்னா. ஐயா ரெண்டு பேர் கையையும் சேத்து வச்சாவ. முடிவு ஜெபம் என்னப் பண்ணச் சொன்னாவ. பண்ணுனேன். நல்ல ஜெபம் அது. வெளிய வந்து எல்லாருக்கும் டீயும் கேக்கும் குடுத்தாவ. வயலட் மட்டும் டம்ளர வாங்கவே இல்ல.

அதுக்கப்புறம் வந்த குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, மத்தியானம் பெர்சி மாடிப்படியில இருந்து விழுந்துட்டா.

விழுந்துட்டான்னுதான் அவ வாயாலயே சொன்னா. துணி எடுக்கப் போனேன், வழுக்கிட்டுன்னு போலீசுட்டயும் அப்படித்தான் சொன்னா. புருஷன் கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தான், கைய விடாமப் பிடிச்சுக்கிட்டு. அன்னைக்குக் காலையில ஆராதனையில என்னமாப் பாடுனான் தெரியுமா அந்தப் பையன்? பாடிட்டுப் போயி வீட்டுல... எனக்கு நம்ப முடியல. நம்பல. விழுந்துட்டா, அவ்வளவுதான். முதுகெலும்புல அடி. இனிமே எந்திரிச்சு நடக்க மாட்டான்னுட்டாவ டாக்டர்.

சபையில இருந்து வேன் பிடிச்சுப் போனோம் ஆஸ்பத்திரிக்கு. பழம் எல்லாம் வாங்கிக்கிட்டு. வாலிபப் பிள்ளைங்க போட்டோ எடுக்க காமிராவும் கொண்டாந்திருந்தாவ, சபையோட பேஸ்புக் பக்கத்துல போடுததுக்கு. வயலட் வார்டு வாசல்ல குறுக்கக் கைய வச்சிக்கிட்டு நின்னா. "யாரும் உள்ள வரண்டாம்."

"ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போயிருதோம்மா"ன்னாவ ஐயா.

"பண்ணுனது போதும் ஐயா"ன்னா.

இப்படி ஒரு வார்த்தைய ஒரு போதகரப் பாத்துச் சொல்லலாமா? ஆனா நான் அவளக் கோவிக்கல. பெத்த வயிறு.

கொஞ்ச நாள்ல வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டா. பிள்ளையவும் கூட்டிக்கிட்டு எங்க போனான்னு யாருக்கும் தெரியல. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்ட்டம்மா! பின்வாசல் வழியா வந்து என் காதோட சொன்னவ, போகும்போது என் வாசல் வழியாத்தான் போயிருக்கா, ஒரு தட்டுத் தட்டல.

நான் பைத்தியம் மாதிரி ஆயிட்டேன். கோயில்ல பாட்டுக்கு நிப்பேன். பக்கத்துல வேற ஒரு பிள்ளையக் கொண்டாந்து நிப்பாட்டிட்டாவ. நல்லாத்தான் பாடுது. ஆனா என் குரல் நடுங்கும். ஜெபஸ்டின் இப்பவும்தான் ஆராதனை நடத்துதான். வாரா வாரம் மைக்கப் பிடிச்சு, "என் மனைவி திரும்பி வர ஜெபியுங்க, அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க"ன்னு அழுவான். சபையே கூட அழும். மூஞ்சி அந்தத் திரையில பெருசா வரும். நானும் அழுவேன். எதுக்கு அழுதேன்னுதான் எனக்குத் தெரியாது.

போன வாரம் என்ட்டப் படிச்ச பிள்ளை ஒருத்திய ஒரு கல்யாண வீட்டுல பாத்தேன். தென்காசியில வாக்கப்பட்டிருக்கா. "வயலட் சித்திய எங்க தெருவுல பாத்தேன் டீச்சர். பீடிக் கம்பெனிச் சந்துல, பச்சைக் கேட்டுப் போட்ட வீட்டு மாடியில இருக்காவ"ன்னா. வீட்டுக்கு வந்ததும் அதிரசம் சுட்டேன், பெர்சிக்குப் பிடிக்கும்னு கருவாடு வாங்கிக் கட்டுனேன். இன்னைக்குக் காலையில பஸ் ஏறிட்டேன்.

கதவத் தட்டுனேன். சங்கிலியப் போட்டுக்கிட்டுத்தான் தொறந்தா. என்னப் பாத்ததும் எனக்குப் பின்னால படியில யாரும் வாராவளான்னு பாத்தா.

"நீ மட்டுமா வந்த?"

"நான் மட்டும்தாம்ட்டி."

"யார் சொன்னா?"

சொன்னேன். சங்கிலிய எடுத்துட்டு உள்ள விட்டா. முடியெல்லாம் வெள்ளையாயிட்டு அவளுக்கு. காப்பி போட்டுக் குடுத்தா. என் முட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டா. எல்லாம் மரியாதையாத்தான். மரியாதையாத்தாம்மா. அதான் எனக்குத் தாங்கல. எங்களுக்குள்ள என்னைக்கு மரியாதை இருந்துச்சு?

பெர்சி உள்ரூம்ல சக்கர நாற்காலியில உக்காந்து, போன்ல ஏதோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. முடிச்சிட்டு, நல்ல காத என் பக்கம் திருப்பி, "வாங்க பெரியம்மா"ன்னா. நான் அவ காலத் தொட்டேன். தொட்டது அவளுக்குத் தெரியல. மேல கம்பளி போத்தியிருந்துச்சு.

"பெரியப்பா இப்பவும் அடிக்காவளா?"ன்னு கேட்டா.

யாரும் என்ட்ட இதுவர அப்படிக் கேட்டதில்ல. "இல்ல மக்கா. அவியளுக்கு இப்ப கை தூக்க முடியாது"ன்னேன்.

"அப்ப சரி"ன்னா.

அந்நேரம் கீழ் வீட்டுல இருந்து ஒரு பொம்பள வந்தா. ஜுலைகான்னு பேரு. பீடி சுத்துதவ, விரல் நுனியெல்லாம் கருப்பு. நேரா உள்ள போனா, பெர்சியக் குழந்தை மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கி, குளிக்க வச்சு, துணி மாத்தி, திரும்பக் கொண்டாந்து உக்கார வச்சா. தலையத் துவட்டி விட்டா. "வாரேன் வயலட்டு"ன்னுட்டுப் போயிட்டா. தினம் வாராளாம்.

"பிள்ளைக்கு என்ன, எப்படி ஆச்சுன்னு கேட்டாளாட்டி அவ?"ன்னேன்.

"ஒரு நாளும் கேக்கல அன்னம். கேக்காமத்தான் தூக்குதா."

முன்னப் பின்ன தெரியாதவ, அவ தூக்குதா. தூக்கி வளத்தவ நான், அதிரசப் பொட்டலத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

"இங்க எந்தக் கோயிலுக்குப் போற?"ன்னு கேட்டேன்.

"எங்கயும் போகல."

"கோயிலுக்குப் போகாம எப்படிட்டி இருக்க முடியும்?"

"கோயில் எதுக்கு அன்னம்?"

என்ன கேள்வி பாரு. "பாரத்த இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டாமா? மனசு விட்டு அழுறதுக்கு ஒரு இடம் வேணும்லா"ன்னேன்.

"ஆமா. அதுக்குத்தான் நானும் இத்தன காலம் வந்தேன். அழ வந்த இடத்துல நீங்க மைக்க வச்சிட்டீங்க."

"மைக்கு, காமிரா எல்லாம் அந்தப் புது ஐயா செஞ்ச வேலைட்டி. எனக்கு ஏசி கூடப் பிடிக்கல. கமிட்டியில நான் சொல்லத்தான் செஞ்சேன்"ன்னேன்.

அவ சிரிச்சாளா, அழுதாளான்னு எனக்குப் புரியல. காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போனா. பஸ்ஸுக்கு நேரமாவுதேன்னு நானும் எந்திரிச்சேன்.

எங்கள்ல ஒரு பழக்கம் உண்டும்மா. ஒரு வீட்டுக்குப் போனா, கிளம்பும்போது ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுத்தான் இறங்குவோம். அது இல்லாம நான் எந்த வீட்டுப் படியையும் விட்டு இறங்குனது கிடையாது. முக்காட்டப் போட்டேன். கண்ண மூடப் போனேன்.

வயலட் ஓடி வந்து என் கையப் பிடிச்சிட்டா. ஈரக் கை.

"வேண்டாம் அன்னம்."

"என்ன வேண்டாம்?"

"ஜெபம் பண்ணாத."

"ஏட்டி, நான் உனக்காக..."

"நீ கண்ண மூடுனா எனக்குப் பயமா இருக்கு"ன்னா. "உன் கால்ல வேணும்னாலும் விழுதேன். இந்த இடத்த யார்ட்டயும் சொல்லாத. ஜெபத்துலயும் சொல்லாத. நாங்க எங்க இருக்கோம்னு ஆண்டவருக்குத் தெரியும். நீ அவருக்குச் சொல்லண்டாம்."

சொல்லிட்டு நிசமாவே குனிஞ்சா, என் காலத் தொடுததுக்கு. நான் பிடிச்சுத் தூக்குனேன். என்னவிட லேசா இருந்தா. "நான் யார்ட்டட்டி சொல்லப் போறேன்?"ன்னேன். நான் யார்ட்டம்மா சொல்லப் போறேன்? எனக்கு வேற யாரு இருக்கா?

உள்ள இருந்து பெர்சி கூப்பிட்டா, "அம்மா, பெரியம்மாவ விடுங்க, போகட்டும்"னு. அவ்வளவுதான். "திரும்ப வாங்க"ன்னு ஒரு வார்த்தை ரெண்டு பேரும் சொல்லல. படியிறங்கிக்கிட்டு இருக்கும்போதே சங்கிலி போடுத சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தாழ்ப்பாள். அப்புறம் என்னத்தையோ இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுக்குத சத்தம்.

நான் தெருவுல நின்னுட்டேன். ஜெபம் பண்ணாம என்னால எப்படிப் போவ முடியும்? சரி, வாயத் தொறக்கண்டாம், சத்தம் வரண்டாம், மனசுக்குள்ளயே ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போவோம், யாருக்கும் தெரியாதுல்லான்னு, அங்கனயே ஒரு ஓரமா ஒதுங்கி, முக்காட்டப் போட்டு, கண்ண மூடுனேன்.

ஒண்ணும் வரலம்மா.

பஸ் ஸ்டாப்புல வந்து திரும்பவும் பண்ணிப் பாத்தேன். சனங்க ஏறுதாவ, இறங்குதாவ, நான் கண்ண மூடிக்கிட்டு நிக்கேன். ஆண்டவரேன்னு ஆரம்பிக்கேன். அதுக்கு மேல போகல. எத்தன பேருக்கு, எத்தன வீட்டுல, எம்புட்டு வார்த்தை வந்துச்சு இந்த வாயில. எதிர்க்க ஒருத்தரும் இல்ல, கேக்கதுக்கு ஆள் இல்ல, அவரும் நானும் மட்டும்தான். ஒரு வார்த்தை வரல.

சத்தம் போடாம எனக்கு ஜெபிக்கத் தெரியலம்மா.